பூட்டிய கியர்பெட்டி: சாவி யார் கையில்?

ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் பயணம் செய்வோர் காணும் காட்சி ஒன்று உண்டு. பாரம் ஏற்றிய கனரக லாரி ஓரங்கட்டி நிற்கிறது. சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுக்கப்பட்டிருக்கிறது. என்ஜின் நன்றாக ஓடுகிறது. ஆனால் கியர் விழவில்லை. ஓட்டுநருக்கு முன்னால் உள்ள பலகையில் ஓர் எச்சரிக்கை விளக்கும் சில எண்களும் மட்டுமே தெரிகின்றன. அவர் உரிமையாளரை அழைக்கிறார்; உரிமையாளர் நிறுவனத்தின் உதவி எண்ணை அழைக்கிறார். அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்திலிருந்து மடிக்கணினியோடு ஒருவர் வந்து சேரும்வரை லாரியும் சரக்கும் மனிதர்களும் வெயிலில் காத்துக்கிடக்க வேண்டும்.

அங்கிருந்து கூப்பிடு தொலைவில் ஒரு பட்டறை இருக்கிறது. முப்பது ஆண்டுகளாகக் கியர்பெட்டிகளைப் பிரித்துக் கோத்த கைகள் அங்கே உள்ளன. ஓசையை வைத்தே எந்தப் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது, எந்தப் பேரிங் போயிருக்கிறது என்று சொல்லும் காதுகள் உள்ளன. அந்தத் தொழிலாளி வந்து பார்க்கிறார். பலகையில் உள்ள எண்களைப் பார்க்கிறார். "இது கம்பெனிக்காரர் வந்தால்தான் திறக்கும்" என்று சொல்லிவிட்டுத் திரும்புகிறார்.

"திறக்கும்" என்ற அந்த ஒரு சொல்லில் இப்பிரச்சனையின் அரசியல் முழுவதும் அடங்கியிருக்கிறது. லாரி பழுதாகி மட்டும் நிற்கவில்லை, பூட்டப்பட்டும் நிற்கிறது. பூட்டியவர் யார், எதற்காகப் பூட்டினார், அந்தப் பூட்டுக்கு விலை கொடுப்பவர் யார் என்ற கேள்விகளை எழுப்பாமல், "தொழில்நுட்பம் வளர்ந்துவிட்டது, மெக்கானிக் வளரவில்லை" என்று பேசுவது வசதியான பொய். அந்தப் பொய்யைத்தான் வாகன உற்பத்தி நிறுவனங்களும் அவர்களுடைய விளம்பரதாரர்களும் நாள்தோறும் பரப்பி வருகின்றனர்.

மாறியது எது?

தானியங்கு முறையில் கியர் மாற்றும் லாரிகளைப் பற்றி ஒரு மாயை நிலவுகிறது. பழைய அறிவு எதுவும் செல்லுபடியாகாத, முற்றிலும் புதிய இயந்திரம் அது என்பதே அந்த மாயை. உண்மை வேறு. பெட்டிக்குள் சுழல்பவை இன்றும் பல்சக்கரங்களும் தண்டுகளும் பேரிங்குகளும்தாம். மாறியவை இரண்டே: கிளட்சை மிதித்த கால், கியர்க்கோலை நகர்த்திய கை. கனரக லாரிகள் பலவற்றில் அந்த வேலையை இப்போது காற்றழுத்தத்தால் இயங்கும் உந்துகருவிகள் செய்கின்றன. எந்த நொடியில் செய்ய வேண்டும் என்ற முடிவை ஒரு மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவி எடுக்கிறது.

அந்தக் கருவிக்குக் கண்ணும் காதும் சென்சார்கள். கியர்பெட்டிக்குள் நுழையும் தண்டு எவ்வளவு வேகத்தில் சுழல்கிறது, வெளியேறும் தண்டு எவ்வளவு வேகத்தில் சுழல்கிறது, கிளட்ச் எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது, கியர் எந்த இடத்தில் நிற்கிறது என்று அவை சொல்லிக்கொண்டே இருக்கின்றன. என்ஜினிலிருந்தும் பிரேக்கிலிருந்தும் வர வேண்டிய செய்திகள், ஒன்றோடொன்று முறுக்கப்பட்ட இரண்டு கம்பிகள் வழியாக வந்து சேர்கின்றன. கனரக வாகனங்களில் அந்தக் கம்பிகளில் நடக்கும் உரையாடலுக்கு ஜே1939 என்ற உலகப் பொதுவான நெறிமுறை இருக்கிறது. இச்செய்திகளில் ஏதேனும் ஒன்று வராமல் போனாலோ, ஒன்றுக்கொன்று முரண்பட்டாலோ, கட்டுப்பாட்டுக் கருவி தற்காப்பு நிலைக்குச் செல்கிறது. கியர் மாற்ற மறுக்கிறது, அல்லது ஒரு சில கியர்களோடு மட்டும் வண்டியை நகர விடுகிறது. கியர்பெட்டி உடைந்ததாக அதற்குப் பொருள் இல்லை. சந்தேகம் வந்ததால் கருவி கையைக் கட்டிக்கொண்டது என்பதே பொருள்.

இந்தத் தொழில்நுட்பத்தை உழைக்கும் வர்க்க இயக்கம் எதிர்க்கவில்லை. நெரிசலிலும் மலைப்பாதையிலும் ஒரு நாளில் எண்ணற்ற முறை கிளட்சை மிதித்து முழங்காலும் இடுப்பும் தேய்ந்த ஓட்டுநருக்கு அது தரும் ஆறுதல் உண்மையானது. இயந்திரம் வேறு, இயந்திரத்தை மூலதனம் பயன்படுத்தும் விதம் வேறு. இந்த வேறுபாட்டைத் தொழிலாளி வர்க்கம் அனுபவத்தின் வழியாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது என்று "மூலதனம்" முதல் தொகுதியில் இயந்திரங்களைப் பற்றிய அத்தியாயத்தில் மார்க்ஸ் விளக்குகிறார். இயந்திரத்தை உடைப்பது தீர்வாகாது. இயந்திரத்தின் மேல் போடப்பட்ட பூட்டை உடைப்பதே இன்றைய கடமை.

குறியீடு நோயின் பெயர் அல்ல

மடிக்கணினியைச் செருகினால் பழுது தெரிந்துவிடும் என்பது இரண்டாவது மாயை. ஓர் எடுத்துக்காட்டு போதும்.

ஜே1939 நெறிமுறையில் ஒவ்வோர் அளவீட்டுக்கும் ஓர் எண் உண்டு. கியர்பெட்டியின் உள்ளீட்டுத் தண்டின் வேகத்துக்கு 161; வெளியீட்டுத் தண்டின் வேகத்துக்கு 191. அதோடு, கோளாறின் வகையைச் சொல்லும் இன்னோர் எண்ணும் சேர்ந்து வரும். 2 என்றால் தகவல் தாறுமாறாக வருகிறது. 3 என்றால் மின்னழுத்தம் இயல்புக்கு மேல். 4 என்றால் இயல்புக்குக் கீழ். 5 என்றால் மின்னோட்டம் குறைவு, அல்லது சுற்று அறுந்திருக்கிறது. ஆக, ஒரு லாரியில் 191ம் 5ம் சேர்ந்து வந்தால் அதற்கு என்ன பொருள்? "வெளியீட்டுத் தண்டின் வேகத்தைச் சொல்லும் சுற்றில் எங்கோ தொடர்பு அறுந்துள்ளது" என்பது மட்டுமே பொருள். சென்சாரை மாற்று என்றோ, கட்டுப்பாட்டுக் கருவியை மாற்று என்றோ அந்த எண் சொல்லவில்லை.

சென்சாருக்கு உள்ளே கம்பிச்சுருள் அறுந்திருக்கலாம். சென்சாரிலிருந்து வரும் ஒயர், சேஸிஸில் உரசி உரசி உள்ளே துண்டாகியிருக்கலாம். இணைப்பானில் மழைநீர் இறங்கிப் பச்சை பூத்திருக்கலாம். அல்லது அதன் ஊசி பின்னால் தள்ளப்பட்டிருக்கலாம். கடைசியாக, கட்டுப்பாட்டுக் கருவியே கெட்டிருக்கலாம். ஒயரும் இணைப்பானும் என்றால் சிறிது நேர வேலை, ஒரு முழம் ஒயர். கருவி என்றால் சிறு உரிமையாளருக்குப் பல மாதத் தவணைக்கு ஒப்பான சுமை. நான்கில் எது என்று கண்டுபிடிப்பதற்குப் பெயர்தான் பழுதறிதல். அதை மடிக்கணினி செய்வதில்லை, மனிதர் செய்கிறார். கையில் ஒரு மல்ட்டிமீட்டர், கண்முன் ஒயரிங் வரைபடம், தலைக்குள் ஒரு வரிசைமுறை ஆகிய மூன்றும் அதற்கு வேண்டும்.

அந்த வரிசைமுறை கடினமானதன்று. முதலில் பேட்டரி: இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்து தரும் 24 வோல்ட், ஸ்டார்ட் செய்யும் நொடியில் எவ்வளவு இறங்குகிறது? எர்த் இணைப்புகள் துருப்பிடித்திருக்கின்றனவா? மின்னழுத்தம் தள்ளாடினால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பத்துக் குறியீடுகள் ஒரே நேரத்தில் தோன்றும். அவற்றை நம்பிப் பத்து உதிரிபாகங்களை மாற்றுவது பேதைமை. அடுத்து காற்று: உந்துகருவிக்குப் போகும் குழாயில் கசிவு இருந்தால், கருவி கட்டளையிட்டும் கியர் நகராது. அடுத்து செய்திக் கம்பிகள்: அவற்றின் இரு முனைகளிலும் 120 ஓம் மின்தடை ஒன்று வீதம் இருக்க வேண்டும். பேட்டரி இணைப்பைத் துண்டித்துவிட்டு இரு கம்பிகளுக்கும் இடையே அளந்தால் 60 ஓம் காட்டினால் கம்பிப்பாதை நலம். 120 காட்டினால் எங்கோ ஒரு பக்கம் அறுந்துள்ளது. பூச்சியத்தை ஒட்டிக் காட்டினால் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டியுள்ளன. அதன் பிறகு சென்சார்: கழற்றிப் பார்த்தால் அதன் முனையில் இரும்புத் துகள் அப்பியிருக்கலாம். அப்படி இருந்தால் அது சென்சாரின் குற்றமன்று. உள்ளே பல்சக்கரம் தேய்வதன் அடையாளம். இவை அனைத்தும் சரியாக இருந்தால் மட்டுமே கட்டுப்பாட்டுக் கருவியின் மேல் ஐயம் கொள்ள வேண்டும்.

நோயை ஆராய்ந்து, அதன் மூலத்தை ஆராய்ந்து, தணிக்கும் வழியையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்ய வேண்டும் என்று மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்த முறையும் இதுதான். ஆனால் உதிரிபாக விற்பனையையே லாபத்தின் ஊற்றாகக் கொண்ட அமைப்பு இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது. திரையில் எண், எண்ணுக்கு எதிரே உதிரிபாகம், உதிரிபாகத்துக்கு எதிரே விலைப்பட்டியல். சிந்தனைக்கு அங்கே இடமில்லை.

இதற்காக அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் வேலை செய்யும் இளைஞரைக் குற்றவாளியாக்குவதும் தவறு. திரை காட்டும் வரிசையில் நடந்து, குறித்த நேரத்துக்குள் குறித்த எண்ணிக்கை வண்டிகளை அனுப்ப வேண்டிய நிலையில் அவர் இருக்கிறார். சிந்திக்கும் வேலையை நிர்வாகத்துக்கும் செய்யும் வேலையைத் தொழிலாளிக்கும் பிரித்துக் கொடுப்பதே ஏகபோக முதலாளித்துவத்தின் இயல்பு என்று 1974இல் ஹாரி பிரேவர்மேன் எழுதினார். அந்தப் பிரிவினை இன்று பட்டறைக்குள் வந்துவிட்டது. சாலையோர மெக்கானிக்கிடமிருந்து தகவல் பறிக்கப்படுகிறது; மையத்துத் தொழிலாளியிடமிருந்து சிந்தனை பறிக்கப்படுகிறது. இருவரும் எதிரிகள் அல்லர். ஒரே கொள்ளையில் இரு வேறு பொருள்களை இழந்தவர்கள்.

பூட்டு எங்கே தொங்குகிறது?

இந்தப் பூட்டு மூன்று அடுக்குகளாக இருக்கிறது.

முதல் அடுக்கு, மொழி. பொதுவான குறியீடுகளைச் சந்தையில் கிடைக்கும் ஸ்கேனர் படித்துவிடும். ஆனால் கியர் உந்துகருவியின் உள்நிலை, கிளட்சின் தேய்மானம், ஒவ்வொரு கியர் முயற்சியும் ஏன் தோற்றது என்ற விவரம் ஆகியவை பெரும்பாலும் நிறுவனத்தின் தனி மொழியில் எழுதப்பட்டுள்ளன. அந்த மொழிக்கான அகராதி வெளியாருக்குத் தரப்படுவதில்லை.

இரண்டாம் அடுக்கு, கட்டளை. பல மாதிரிகளில் கிளட்ச் தட்டை மாற்றினால் மட்டும் வேலை முடியாது. புதிய தட்டு எந்த இடத்தில் பிடிக்கத் தொடங்குகிறது என்பதைக் கட்டுப்பாட்டுக் கருவிக்கு மென்பொருள் வழியாகக் கற்பிக்க வேண்டும். மெக்கானிக் வேலை முழுவதையும் செம்மையாகச் செய்து முடித்தாலும், இந்தக் கடைசிச் சடங்குக்கு நிறுவனத்தின் மடிக்கணினி வராமல் வண்டி நகராது.

மூன்றாம் அடுக்கு, அனுமதி. புதிதாகப் பொருத்தும் கட்டுப்பாட்டுக் கருவியை அந்த வண்டிக்கு அறிமுகப்படுத்த, நிறுவனத்தின் கணினித் தொகுதியோடு இணைந்து கடவுச்சொல் பெற வேண்டிய முறை பரவி வருகிறது. அதாவது, வங்கிக் கடன் வாங்கி, தவணை கட்டி, தன் பெயரில் பதிவு செய்த லாரிக்குள் உரிமையாளரே நுழைய, விற்றவரிடம் அனுமதி கேட்க வேண்டும்.

இந்தப் பூட்டின் விளைவாக ஒரு திருட்டுச் சந்தை உருவாகியிருக்கிறது. உடைக்கப்பட்ட மென்பொருள்களும் போலி இணைப்புக் கருவிகளும் ரகசியமாக விற்கப்படுகின்றன. தவறான பதிப்பு ஒன்று தவறான தகவலை எழுதிவிட்டால் கருவியே செயலிழக்கும். நேர்வழியை அடைத்துவிட்டுக் குறுக்குவழியில் போகிறவரைத் திருடர் என்று சுட்டும் நியாயம் இது.

பூட்டுகளின் எண்ணிக்கை பெருகும்போது பூட்டுத் தயாரிப்போரின் எண்ணிக்கை சுருங்குகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. வணிக வாகனங்களின் பிரேக், கியர் கட்டுப்பாட்டுத் தொகுதிகளை உலகெங்கும் வழங்கிவந்த வாப்கோ நிறுவனத்தை, கியர்பெட்டி உற்பத்தியில் முன்னணியில் உள்ள ஜெர்மனியின் இஸட்எஃப் நிறுவனம் 2020 மே மாதத்தில் தன்வசமாக்கியது. கொடுத்த விலை 700 கோடி டாலருக்கும் மேல். கியர்பெட்டியும் அதன் மூளையும் ஒரே முதலாளியின் கூரைக்குக் கீழ் வந்துவிட்டன. இந்திய நெடுஞ்சாலையில் நிற்கும் லாரியின் சாவிக்கொத்து எத்தனை தொலைவில் தொங்குகிறது என்பதற்கு இது ஓர் அளவுகோல்.

முதலாளிகளின் வாதங்கள்

"தகவலைத் திறந்துவிட்டால் புகைக் கட்டுப்பாட்டை ஏமாற்றுவார்கள்" என்பது முதல் வாதம். 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரத் நிலை 6 விதிகளைக் காட்டி இது சொல்லப்படுகிறது. யூரியாக் கரைசலைத் தவிர்க்கப் போலிக் கருவி பொருத்துவோர் இருக்கிறார்கள் என்பது உண்மை. அது தண்டிக்கப்பட வேண்டியதும்தான். ஆனால் கியர்பெட்டிச் சென்சாரின் அளவைப் படிப்பதற்கும் புகைக் கட்டுப்பாட்டு மென்பொருளைத் திருத்துவதற்கும் என்ன தொடர்பு? படிப்பது வேறு, மாற்றி எழுதுவது வேறு. ஒரு அறையில் விலையுயர்ந்த பொருள் இருக்கிறது என்பதற்காக வீடு முழுவதையும் பூட்டி, குடியிருப்பவரை வெளியே நிறுத்துவது பாதுகாப்பு ஆகாது.

"சாலையோர மெக்கானிக் ஒயரைக் குத்திக் கெடுக்கிறார்" என்பது இரண்டாவது வாதம். இதிலும் ஒரு துளி உண்மை இருக்கிறது. கூடுதல் விளக்குக்காகவோ இடங்காட்டிக் கருவிக்காகவோ தவறான ஒயரில் இணைப்பு எடுத்து, செய்திக் கம்பிகளைப் பழுதாக்கிய நிகழ்வுகள் உண்டு. சேஸிஸில் வெல்டிங் செய்யும்போது பேட்டரியையும் கட்டுப்பாட்டுக் கருவிகளையும் துண்டிக்காமல் விட்டு, அவற்றை எரித்த நிகழ்வுகளும் உண்டு. ஆனால் எந்த ஒயர் எதற்கு என்று காட்டும் வரைபடத்தைத் தர மறுத்தவர் யார்? வெல்டிங்குக்கு முன் எதைக் கழற்ற வேண்டும் என்று எழுதிய கையேட்டைப் பூட்டி வைத்தவர் யார்? விளக்கைப் பறித்தவரே, இருட்டில் இடறியவரைப் பார்த்துக் குருடர் என்று சிரிக்கிறார்.

"இது எங்கள் அறிவுச் சொத்து" என்பது மூன்றாவது வாதம். கட்டுப்பாட்டு மென்பொருளின் உள்ளெழுத்தை எவரும் கேட்கவில்லை. தன் வண்டி ஏன் நிற்கிறது என்பதை அறியும் உரிமையைத்தான் கேட்கிறார்கள். நோயாளியின் உடலில் எடுத்த பரிசோதனையின் முடிவு நோயாளிக்குச் சொந்தமா, பரிசோதனைக் கருவியை விற்ற நிறுவனத்துக்குச் சொந்தமா?

எடுத்துக்கொண்டதும் விட்டுவிட்டதும்

ஐரோப்பாவின் கனரக வாகனங்களுக்கான யூரோ 6 விதிகள் 2009ஆம் ஆண்டின் 595ஆம் எண் ஒழுங்குமுறையில் பிறந்தவை. புகை வரம்புகளை விதித்த அதே சட்டம், வாகனத்தின் பழுதறி தகவலையும் பழுதுநீக்கும் தகவலையும் சுயேச்சையான பட்டறைகளுக்கு வேறுபாடின்றித் தர வேண்டும் என்ற கடமையையும் உற்பத்தியாளர்மீது சுமத்தியது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 2012இல் நேரடி வாக்கெடுப்பில் வாகனப் பழுதுநீக்கும் உரிமையை வென்றெடுத்தனர். அதன் அழுத்தத்தால் 2015இல் கனரக லாரி உற்பத்தியாளர்களும் அங்கே ஓர் உடன்படிக்கைக்கு வர வேண்டியதாயிற்று. 2023இல் கொலராடோ மாநிலம் டிராக்டர் உள்ளிட்ட வேளாண் இயந்திரங்களுக்கு இந்த உரிமையைச் சட்டமாக்கியது. எங்கும் இது முதலாளிகளின் கருணையால் வந்ததில்லை. பட்டறைகளும் விவசாயிகளும் வாகன உரிமையாளர்களும் போராடியதால் வந்தது.

இந்தியாவில் நடந்தது என்ன? 2014 ஆகஸ்ட் 25 அன்று போட்டி ஆணையம் 14 கார் உற்பத்தி நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அசல் உதிரிபாகங்களையும் பழுதறி கருவிகளையும் சுயேச்சையான மெக்கானிக்குகளுக்குத் தராமல் சந்தையை வளைத்தன என்பதே அவற்றின்மீது ஆணையம் கண்ட குற்றம். வெளியே பழுதுபார்த்தால் உத்தரவாதமே ரத்து என்று ஒட்டுமொத்தமாக நிபந்தனை விதிக்கக் கூடாது என்றும் அது ஆணையிட்டது. நிறுவனங்கள் மேல்முறையீடுகளுக்கும் உயர் நீதிமன்றங்களுக்கும் ஓடின. ஆண்டுகள் கரைந்தன. அந்த ஆணையும் கார்களைப் பற்றியதே; லாரிகளைப் பற்றியதன்று.

2022 ஜூலையில் ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுநீக்கும் உரிமைக்காக ஒரு குழுவை அமைத்தது. வேளாண் கருவிகள், கைப்பேசிகள், வீட்டு உபயோகப் பொருள்கள், மோட்டார் வாகனங்கள் ஆகிய நான்கு துறைகள் அடையாளம் காணப்பட்டன. அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று ஓர் இணையத்தளம் ஆரவாரத்தோடு தொடங்கப்பட்டது. விரும்பும் நிறுவனங்கள் விரும்பும் தகவலை அதில் வெளியிடலாம். மறுப்பவரைக் கட்டாயப்படுத்தும் தனிச் சட்டம் மட்டும் பிறக்கவில்லை. பூட்டுக்கு முன்னால் வரவேற்புப் பலகை மாட்டியதைச் சீர்திருத்தம் என்று விற்கும் கலையில் மோடி அரசு தேர்ந்தது.

சாட்சியும் நீதிபதியும் ஒருவரே

இந்தியாவில் லாரி உரிமையாளர்களில் பெரும்பாலோர் ஐந்துக்கும் குறைவான வண்டிகள் வைத்திருப்பவர்கள். பலர் தாங்களே ஓட்டுகிறவர்கள். வண்டி நின்ற நாளுக்கு வாடகை இல்லை. ஆனால் தவணை நிற்பதில்லை; காப்பீடும் வரியும் நிற்பதில்லை. கூலி ஓட்டுநராக இருந்தால் காத்துக்கிடக்கும் நாளுக்குப் படிக்காசும் உறுதியில்லை.

அதைவிடக் கொடியது இன்னொன்று உண்டு. கிளட்ச் கருகினால், "ஓட்டத் தெரியாமல் ஓட்டியிருக்கிறார்" என்று எழுதி உத்தரவாதத்தை மறுக்க முடியும். கருகியதற்கு ஓட்டுநர் காரணமா, கசிந்த காற்றுக்குழாய் காரணமா, தவறாக அளந்த சென்சார் காரணமா என்பதற்கான தடயம் கட்டுப்பாட்டுக் கருவியின் நினைவகத்தில் இருக்கிறது. ஆனால் அந்த நினைவகத்தை முழுமையாகப் படிக்க வல்லவர் நிறுவனத்தின் ஆள் மட்டுமே. வழக்கில் ஒரு தரப்பாக இருப்பவரே சாட்சியத்தைக் கையில் வைத்திருக்கிறார். அவரே அதைப் படித்துத் தீர்ப்பும் சொல்கிறார். ஓட்டுநரின் சம்பளத்தில் பிடித்தம் விழுவதும், சிறு உரிமையாளர் கடனில் மூழ்குவதும் இந்தத் தீர்ப்பின் பேரில்தான்.

விபத்து நேர்ந்தால் என்ன ஆகும்? விபத்து ஏற்படுத்திவிட்டுத் தகவல் தராமல் செல்லும் ஓட்டுநருக்குப் பத்தாண்டு வரை சிறை என்ற பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவை எதிர்த்து 2024 ஜனவரியில் நாடெங்கும் ஓட்டுநர்கள் ஸ்டீயரிங்கை விட்டு இறங்கினார்கள். அந்தப் போராட்டத்தின் காரணமாகவே அந்தப் பிரிவை அமலாக்காமல் நிறுத்தி வைக்க அரசு நிர்ப்பந்திக்கப்பட்டது. ஓட்டுநரைச் சிறைக்கு அனுப்ப இவ்வளவு விரைந்த அரசு, வண்டியின் நினைவகத்தில் உள்ள உண்மையை ஓட்டுநருக்கும் அவருடைய வழக்கறிஞருக்கும் காட்ட வேண்டும் என்று எந்த நிறுவனத்தையும் கட்டாயப்படுத்த முன்வரவில்லை. தண்டனை கீழ்நோக்கி மட்டுமே பாய்கிறது; பொறுப்பு மேல்நோக்கி ஏறுவதே இல்லை.

என்ன செய்ய வேண்டும்?

டெல்லியின் சஞ்சய் காந்தி போக்குவரத்து நகரிலும், விஜயவாடாவின் ஆட்டோ நகரிலும், நாடெங்கும் உள்ள இத்தகைய பட்டறை நகர்களிலும் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த கைத்திறன் இருக்கிறது. கந்தலாகி வந்த வண்டியை ஓட வைத்து அனுப்பிய திறன் அது. நாட்டின் சரக்குப் போக்குவரத்து அந்தக் கைகளின்மீது நின்றது. அரசின் தொழிற்பயிற்சி நிலையங்களில் ஓராண்டு டீசல் மெக்கானிக் பயிற்சியும் ஈராண்டு மோட்டார் வாகன மெக்கானிக் பயிற்சியும் இருக்கின்றன. மாநிலப் போக்குவரத்துக் கழகங்களிடம் பணிமனைகளும் அனுபவம் மிக்க தொழிலாளர்களும் இருக்கிறார்கள். இல்லாதது திறமை அன்று; அணுகும் உரிமை.

ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை. முதலாவதாக, கனரக வாகனங்களை உள்ளடக்கிய பழுதுநீக்கும் உரிமைச் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்ற வேண்டும். ஒயரிங் வரைபடம், குறியீடுகளின் முழு விளக்கம், சோதனைமுறைக் கையேடு ஆகியவை இந்திய மொழிகளில் வெளியிடப்பட வேண்டும். அவ்வாறு வெளியிடாத வாகனத்துக்கு விற்பனை ஒப்புதல் தரக் கூடாது. இரண்டாவதாக, கிளட்ச் அளவீடு கற்பித்தல், உந்துகருவிச் சோதனை, மாற்றுக் கருவியை அறிமுகப்படுத்துதல் ஆகியவற்றுக்கான மென்பொருள், பதிவு பெற்ற எந்தப் பட்டறைக்கும் நியாயமான கட்டணத்தில் கிடைக்க வேண்டும். மூன்றாவதாக, உத்தரவாத மறுப்பிலும் விபத்து வழக்கிலும் கட்டுப்பாட்டுக் கருவியின் பதிவை முழுமையாகப் பெறும் உரிமை உரிமையாளருக்கும் ஓட்டுநருக்கும் வேண்டும். சுயேச்சையான பொது ஆய்வகம் அதைப் படிக்க வேண்டும். நான்காவதாக, தொழிற்பயிற்சி நிலையங்களும் போக்குவரத்துக் கழகப் பணிமனைகளும், வேலையில் உள்ள மெக்கானிக்குகளுக்கு, நாட்கூலி இழப்பை ஈடுகட்டும் உதவித்தொகையோடு இந்தப் பயிற்சியை அளிக்க வேண்டும்.

மோட்டார் வாகனத் திருத்த மசோதாவை எதிர்த்து 2018 ஆகஸ்ட் 7 அன்று சாலைப் போக்குவரத்துத் தொழிலாளர்கள் நாடு தழுவிய வேலைநிறுத்தம் செய்தபோது, ஓட்டுநரும் நடத்துநரும் மெக்கானிக்கும் சிறு உரிமையாளரும் ஒரே அணியில் நிற்க முடியும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது. டிராக்டருக்கும் இதே பூட்டு வந்துகொண்டிருக்கும் காலத்தில் விவசாயியும் அந்த அணியில் சேர வேண்டியவரே. இது மெக்கானிக்குகளின் தனிப்பட்ட குறையன்று. உழைப்பவரின் அறிவு உழைப்பவரிடமே இருக்குமா, வாடகைக்கு விடப்படும் சரக்காகிவிடுமா என்ற வர்க்கக் கேள்வி.

நெடுஞ்சாலையில் நிற்கும் லாரியிடம் அந்த மெக்கானிக் மறுபடியும் வர வேண்டும். பேட்டரியை அளக்க வேண்டும். காற்றுக்குழாயைத் தடவிப் பார்க்க வேண்டும். செய்திக் கம்பிகளில் 60 ஓம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உரசித் தேய்ந்த ஒயரைக் கண்டுபிடித்து ஒட்ட வேண்டும். அதற்குத் தேவையான திறமை அவரிடம் இருக்கிறது. தேவையான சாவியை அவரிடமிருந்து பிடுங்கி வைத்திருப்பவர்களிடமிருந்து திரும்பப் பெறுவதுதான் மிச்சமிருக்கும் வேலை.